பெயர் யாருக்குச் சொந்தம்?

பழைய சி செய்நிரல்களைப் புதிய லினக்ஸ் வெளியீடுகளில் மறுபடி தொகுத்துக் கொடுப்பது என் தொழில். பல்லேகலவில் இருந்து செய்தாலும் கொழும்பில் இருந்து செய்தாலும் திரையில் வரும் வழுச் செய்திகள் ஒன்றுதான். அவற்றுள் அடிக்கடி வருவது ‘கொன்ஃப்ளிக்டிங் டைப்ஸ்’. ஒரே சார்புக்கு இரண்டு முரண்பட்ட அறிவிப்புகள் இருக்கின்றன, ஒன்று செய்நிரலுக்குள், மற்றது பணிசெயல் முறைமையின் ஹெடர் கோப்புக்குள் என்று தொகுப்பான் சொல்கிறது. இதைக் கண்டதும் தொகுப்பானின் வாயை எப்படியாவது அடைத்துவிட வேண்டும் என்கிற பழக்கம் நம் தொழிலில் ஊறிக் கிடக்கிறது. அடைக்க வழிகளுக்கா பஞ்சம்? ஹெடரைச் சேர்க்காமல் விடலாம், மாக்ரோ போட்டுப் பெயரை மறைக்கலாம், வகை மாற்றிக் காட்டலாம், எச்சரிக்கையை அணைக்கும் தெரிவைக் கொடுக்கலாம். நான்கும் தவறு என்பது என் வாதம். முரண்பட்ட அறிவிப்பு என்பது ஒரே காணிக்கு இரண்டு பேர் உறுதி வைத்திருக்கும் வழக்கு. எந்த உறுதி செல்லும் என்று பார்க்காமல் வேலியை மட்டும் நகர்த்தினால் வழக்கு தீராது. பெயர் யாருக்குச் சொந்தம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சொந்தக்காரர் எழுதிய அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், சி மொழி அமைந்திருக்கும் விதம் அப்படி. ஒவ்வொரு மூலக் கோப்பும் தனித்தனியே தொகுக்கப்பட்டு, பிறகு இணைப்பான் அவற்றை ஒன்று சேர்க்கிறது. இணைப்பானுக்குத் தெரிவது பெயர் மட்டும். ஒரு சார்பு எத்தனை உள்ளீடுகளை வாங்கும், அவை என்ன வகை, எதைத் திருப்பித் தரும் என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது. சி++ மொழியில் உள்ளீட்டு வகைகளைப் பெயரோடு சேர்த்தே பின்னிவிடுவதால் ஓரளவு காப்பு உண்டு. சியில் அதுவும் இல்லை. அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் ஒரே ஒப்பந்தத்தில்தான் நிற்கிறார்கள் என்று சரிபார்க்கக் கூடிய ஒரே இடம் ஹெடர். அந்த ஹெடரை விட்டுவிட்டுச் சார்பின் அறிவிப்பைக் கையால் எழுதிக்கொண்ட செய்நிரலில், வகை பொருந்தாவிட்டாலும் தொகுப்பு நடக்கும், இணைப்பு நடக்கும், செய்நிரல் ஓடவும் செய்யும். பிறகு ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு பதிவகத்தில் கிடந்த குப்பையை மதிப்பென்று எடுத்துக்கொண்டு விழும். அந்த நிலைக்குப் போகாமல் தொகுக்கும்போதே முரண்பாடு அகப்பட்டால் அது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

மாணவர்கள் முதலில் சந்திக்கும் முரண்பாடு கெட்லைன். பிரையன் கெர்னிகனும் டெனிஸ் ரிச்சியும் எழுதிய சி மொழி நூல் 1978-இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1988. அதன் முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரியை வாசித்து அதன் நீளத்தைத் திருப்பித் தரும் கெட்லைன் என்ற சார்பு வருகிறது. நூலில் இருப்பதை அப்படியே தட்டி இன்றைய லினக்ஸில் தொகுத்தால் முரண்பாடு என்று செய்தி வரும். யுனிக்ஸ் வகை முறைமைகளுக்கான பொசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பு அதே பெயரில் வேறொரு சார்பை எஸ்டிடிஐஓ ஹெடருக்குள் கொண்டுவந்துவிட்டது. அது மூன்று உள்ளீடுகளை வாங்கும், இடத்தைத் தானே ஒதுக்கிக்கொள்ளும், திருப்பித் தரும் வகையும் வேறு. இங்கே குற்றவாளி யார்? நூலாசிரியர்கள் அல்லர், சி மொழியின் தரத்தில் அந்தப் பெயர் இன்றுவரை ஒதுக்கப்படவில்லை. பொசிக்ஸும் அல்ல, தன் எல்லைக்குள் பெயர் சேர்க்க அதற்கு உரிமை உண்டு. எந்த ஒப்பந்தத்தின் கீழ் எழுதுகிறோம் என்று செய்நிரல் தொகுப்பானிடம் சொல்லவில்லை என்பதே குறை. ஒன்றும் சொல்லாவிட்டால் ஜிசிசி தொகுப்பானும் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்ஸீயும் பொசிக்ஸ் பெயர்களையும் சேர்த்தே காட்டும். தூய சி மட்டும் போதும் என்று கட்டளையில் தரத்தைக் குறிப்பிட்டுத் தொகுத்தால் அந்தப் பெயர் மறைந்துவிடும், நூலில் உள்ளபடியே ஓடும். பொசிக்ஸ் வசதிகளும் வேண்டும் என்றால் நம் சார்பின் பெயரைத்தான் மாற்ற வேண்டும். நாம் எதைக் கோருகிறோம் என்பதைப் பொறுத்தே இரண்டில் எது சரி என்று முடிவாகும். பாடம் நடத்துவோர் பெயரை மாற்று என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வதால், இந்தக் கேள்வி மாணவரின் மனத்தில் எழாமலே போய்விடுகிறது.

கெட்லைனில் தொகுப்பான் உடனே கத்திவிடுகிறது. கத்தாமல் கழுத்தறுப்பதற்கு எடுத்துக்காட்டு ஸ்ட்ரெரர்_ஆர். பிழை எண்ணைக் கொடுத்தால் அதற்கான வாசகத்தைத் தரும் சார்பு அது. பொசிக்ஸ் வடிவத்தில், நாம் கொடுக்கும் இடையகத்துக்குள் வாசகத்தை எழுதிவிட்டு, வெற்றி என்றால் பூச்சியத்தைத் தரும். திருப்பித் தரும் வகை ஒரு முழு எண். ஜிலிப்ஸீ தரும் க்னூ வடிவத்தில் வாசகத்துக்கான சுட்டியையே திருப்பித் தரும். தெரிந்த பிழையென்றால் நம் இடையகத்தைத் தொடாமல் தன்னிடம் உள்ள நிலையான வாசகத்தைச் சுட்டிக்காட்டிவிடும். பெயர் ஒன்று, உள்ளீடுகள் ஒன்று, விளைவு மட்டும் வேறு. எந்த வடிவம் கிடைக்கும் என்பதை ஹெடருக்கு முன்னால் வரையறுக்கப்படும் மாக்ரோக்கள் தீர்மானிக்கின்றன. லினக்ஸில் சி கோப்பு ஒன்றை மாக்ரோ எதுவும் கொடுக்காமல் தொகுத்தால் பொசிக்ஸ் வடிவம் கிடைக்கும். அதே வரிகளைச் சி++ கோப்பில் வைத்தால் க்னூ வடிவம் கிடைக்கும், ஏனென்றால் ஜி++ தொகுப்பான் க்னூ மாக்ரோவைக் கேட்காமலே வரையறுத்துவிடுகிறது. ஒரே திட்டத்தில், ஒரே அடைவில், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கோப்புகள் ஒரே பெயரைச் சொல்லி இரண்டு வெவ்வேறு சார்புகளை அழைக்கின்றன. பொசிக்ஸை நினைத்து எழுதியவர், விடை பூச்சியம் இல்லையென்றால் தோல்வி என்று ஒப்பிட்டிருப்பார். க்னூ வடிவத்தில் விடை ஒரு சுட்டி. அது ஒருபோதும் பூச்சியமாகாது. ஆக ஒவ்வொரு அழைப்பும் தோல்வியாகத் தெரியும். விடையைப் பார்க்காமல் இடையகத்தை அச்சிடுபவருக்கோ அதில் முன்பு கிடந்த குப்பைதான் வரும். சுட்டியைப் பூச்சியத்தோடு ஒப்பிடுவது சட்டப்படி சரி என்பதால் தொகுப்பான் எச்சரிக்கைகூட விடாது. பிழையைப் பதிவுசெய்யும் வரியிலேயே பிழை இருக்கும். வேறு ஏதாவது உடையும் நாள்வரை அது யார் கண்ணிலும் படாது. இரண்டு வடிவங்களையும் ஏற்க வேண்டிய செய்நிரலில், முழு எண்ணுக்கு ஒன்று, சுட்டிக்கு ஒன்று என இரண்டு சிறு துணைச் சார்புகளை ஒரே பெயரில் எழுதி, விடையின் வகையைப் பார்த்துத் தொகுப்பானே தேர்ந்தெடுக்கும்படி விடுவதுதான் நல்ல வழி. சி++ இல் இது இயல்பாகவே நடக்கும். எந்த முறைமையில் ஓடுகிறோம் என்று ஊகிக்கும் வேலை அப்போது நமக்கு இல்லை.

இந்த மாக்ரோக்களைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவற்றைக் கோப்பின் நடுவில், நான்கைந்து ஹெடர்களைச் சேர்த்த பிறகு வரையறுத்திருக்கும் செய்நிரல்கள் ஏராளம். அதனால் பயன் எதுவும் இல்லை. முதல் ஹெடர் சேர்க்கப்படும்போதே எந்தப் பெயர்களைக் காட்டுவது என்று சி நூலகம் முடிவெடுத்துவிடும். பின்னால் வருவது அதன் காதில் விழாது. திட்டம் முழுவதற்கும் ஒரே இடத்தில், தொகுப்புக் கட்டளையிலேயே அவற்றைக் கொடுத்துவிட வேண்டும்.

சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பதற்கு ஊகம் தேவையில்லை, சாட்சியம் கையருகிலேயே இருக்கிறது. முரண்பாட்டுச் செய்தியின் கீழேயே, முந்தைய அறிவிப்பு எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் உள்ளது என்று ஜிசிசி குறிப்புத் தரும். அது போதாவிட்டால் முன்செயலாக்கத்தோடு நிறுத்தச் சொல்லி விரிந்த உரையை வாங்கி, அதில் சார்பின் பெயரைத் தேடலாம். எந்த ஹெடர் எதை இழுத்துக்கொண்டு வந்தது என்பது அங்கே வரிசையாகத் தெரியும். பலர் கவனிக்காத மூன்றாவது சாட்சி ஒன்றும் உண்டு: கடைசியில் இணைக்கப்படும் நூலகம். ஹெடர் ஒருவருடையதாகவும் நூலகம் இன்னொருவருடையதாகவும் இருந்துவிடலாம். எழுத்துக் குறிமுறைகளை மாற்றும் ஐகொன்வ் சார்பில் இது அடிக்கடி நடக்கிறது. தனியாக நிறுவப்பட்ட லிப்ஐகொன்வ் நூலகத்தின் ஹெடர், ஐகொன்வ் என்ற பெயரை மாக்ரோவால் லிப்ஐகொன்வ் என்று மாற்றிவிடும். இணைப்பது ஜிலிப்ஸீயோடு என்றால் அந்தப் பெயர் அங்கே இராது; லிப்ஐகொன்வ்_ஓப்பனைக் காணவில்லை என்று இணைப்பான் நின்றுவிடும். அறிவிப்பையோ செய்நிரலையோ திருத்தி இதைத் தீர்க்க முடியாது. தேடற்பாதையைத்தான் திருத்த வேண்டும்.

ஐகொன்வைத் தமிழர்கள் கொஞ்சம் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். யுனிகோடுக்கு முன் தமிழ் இணையத்தில் புழங்கிய திஸ்கி குறிமுறையை ஜிலிப்ஸீயின் ஐகொன்வ் நேரடியாகவே அறியும். இலங்கை அலுவலகங்களில் குவிந்திருக்கும் பாமினி எழுத்துருக் கோப்புகளை அது அறியாது, அதற்குத் தனி மாற்றிதான் எழுத வேண்டும். திஸ்கியில் உள்ள பழைய தமிழ் உரைகளை மாற்ற யாரேனும் ஒரு சிறு கருவி எழுதி, அதை லினக்ஸுக்கு வெளியேயும் கொண்டுபோக நினைத்தால் இன்னொரு முரண்பாட்டில் முட்டிக்கொள்வார். ஐகொன்வின் இரண்டாவது உள்ளீடு, பொசிக்ஸில் மாறாத்தன்மைக் குறி இல்லாத சுட்டியின் சுட்டி. சொலாரிஸும் ஃப்ரீபிஎஸ்டியின் பழைய வெளியீடுகளும் கொன்ஸ்ட் என்ற குறியோடு அறிவித்தன. உள்ளீட்டு உரையை இந்தச் சார்பு மாற்றுவதில்லை என்பதால் கொன்ஸ்ட் இருப்பதே நியாயம் என்று தோன்றும். ஆனால் சி மொழியில் இந்த இரண்டு வகைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஒன்று கேட்கும் இடத்தில் மற்றதைக் கொடுத்தால் முன்பு எச்சரிக்கை வந்தது, ஜிசிசி 14 முதல் வழுவே வருகிறது. இங்கே இரண்டு பக்கமும் பணிசெயல் முறைமைகள்தான். நமக்கு எந்தப் பக்கமும் அதிகாரம் இல்லை. எனவே கட்டமைக்கும் நேரத்தில் ஒரு துண்டுச் செய்நிரலைத் தொகுத்துப் பார்த்து எந்த வடிவம் உள்ளது என்று அறிந்து, விடையை ஒரு மாக்ரோவில் வைத்து, அழைக்கும் ஒரே இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். க்னூ திட்டங்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இதைத்தான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். வலுவான மறுப்பு இது: செய்நிரல் பல ஆண்டுகளாக ஒழுங்காகத்தான் இருந்தது, நூலகம்தான் பின்னால் வந்து பெயரைப் பறித்துக்கொண்டது. இதில் உண்மை இருக்கிறது. ஓர் இழையின் அடையாள எண்ணைத் தரும் கெட்டிஐடி என்ற கருவ அழைப்புக்கு நெடுங்காலம் ஜிலிப்ஸீயில் சார்பு கிடையாது. கையேட்டுப் பக்கமே, இதற்கு நூலகச் சார்பு இல்லை, கருவத்தை நேரே அழைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது. செய்நிரலாளர்கள் அதற்குக் கீழ்ப்படிந்து, கெட்டிஐடி என்ற பெயரிலேயே தங்கள் கோப்புக்குள் ஒரு சார்பை எழுதிக்கொண்டார்கள். 2019 ஓகஸ்டில் ஜிலிப்ஸீ 2.30 அந்தச் சார்பைச் சேர்த்தது. அவர்களுடைய தொகுப்புகள் அன்றே நின்றன. அதற்கு முன் 2018-இல் ஜிலிப்ஸீ 2.27 மெம்எஃப்டி_கிரியேட்டைச் சேர்த்தபோது கியூஇஎம்யூ போன்ற பெரிய திட்டமே இப்படி முட்டிக்கொண்டது. ஓப்பன்பிஎஸ்டியில் 1998-இல் வந்த, உரையை நகலெடுக்கும் ஸ்ட்ரிஎல்சிபிவையை ஜிலிப்ஸீ ஆண்டுக்கணக்காக மறுத்துவந்து, 2023-இல் 2.38 வெளியீட்டில் ஏற்றுக்கொண்டது. அதற்குள் எத்தனையோ செய்நிரல்கள் தங்களுக்கென்று ஒரு பிரதியை வைத்துக்கொண்டுவிட்டன.

ஆனாலும் இந்த மறுப்பு முழுதாக நிற்காது. ஸ்ட்ரிஎல்சிபிவை வந்தபோது எல்லாச் செய்நிரல்களும் உடையவில்லை. அந்தச் சார்பு முறைமையில் உள்ளதா என்று கட்டமைக்கும் நேரத்தில் கேட்டுவிட்டு, இல்லாதபோது மட்டும் சொந்தப் பிரதியைச் சேர்த்தவை சிறு கீறலும் இல்லாமல் தொடர்ந்தன. லினக்ஸ் என்றால் இந்தச் சார்பு இருக்காது என்று முறைமையின் பெயரை வைத்து முடிவுகட்டியவைதான் உடைந்தன. வசதி உண்டா என்று கேட்பது காலத்தோடு ஒத்துப்போகும். முறைமையின் பெயரைப் பார்த்து ஊகிப்பது எழுதிய அன்றைக்கு மட்டுமே சரி. மேலும், ஸ்ட்ரி என்று தொடங்கி அடுத்துச் சிறிய எழுத்து வரும் பெயர்களைச் சி தரமே எதிர்காலத்துக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறது. அந்த வரிசையில் பெயர் வைத்தவர் ஒருநாள் அது பறிபோகலாம் என்று அறிந்தே வைக்கிறார். கெட்டிஐடி விஷயத்தில் அந்த எச்சரிக்கை இல்லைதான். ஆனால் கையேடு சொன்னது கருவத்தை நேரே அழைக்கும்படி மட்டுமே. கருவ அழைப்பின் பெயரையே சார்புக்குச் சூட்டச் சொல்லவில்லை. திட்டத்தின் பெயரை முன்னொட்டாகச் சேர்த்திருந்தால் முரண்பாடே எழுந்திராது. இன்றைக்கும் சி நூலகத்தில் இல்லாத ஒரு கருவ அழைப்புக்கு உறை எழுதுகிறவர்கள் இதை மனதில் வைத்தே பெயர் சூட்ட வேண்டும். 2025 தொடக்கத்தில் வந்த ஜிலிப்ஸீ 2.41, ஷெட்_செட்அட்ரையும் அதன் இணையையும் சேர்த்தபோது அதே கதை மறுபடி நடந்தது.

இன்னொரு மறுப்பு, எச்சரிக்கைதானே, இத்தனை காலம் ஓடியதே என்பது. அறிவிக்காத சார்பை அழைத்தால் அது முழு எண்ணைத் தரும் என்று வைத்துக்கொள்ளும் பழைய விதியைச் சி மொழி 1999-இலேயே கைவிட்டது. தொகுப்பான்கள் இரக்கப்பட்டு அதை எச்சரிக்கையாகவே வைத்திருந்தன. 2023-இல் கிளாங் 16, 2024 மே மாதம் ஜிசிசி 14 இரண்டும் அதை வழுவாக்கின. இருபத்தைந்து ஆண்டு அவகாசம் கொடுத்தும் போதவில்லை என்றால் அது அவகாசத்தின் குறை அல்ல. அதுவரை ஓடியது என்பதும் பாதி உண்மையே. 64 பிட் கணினியில் சுட்டி எட்டு பைட், முழு எண் நான்கு பைட். அறிவிக்காமல் அழைத்த சார்பு சுட்டியைத் தந்தால் மேற்பாதி வெட்டுப்பட்டுவிடும். தாழ்ந்த முகவரியில் தரவு இருந்த நாட்களில் தப்பித்தது. முகவரிகள் உயர்ந்த நாளில் விழுந்தது. கோப்புப் பாதையின் கடைசிப் பெயரைத் தரும் பேஸ்நேம் சார்பு இதற்கு நல்ல சாட்சி. பொசிக்ஸின் பேஸ்நேம் லிப்ஜென் ஹெடரில் உள்ளது. கொடுத்த உரையை அது மாற்றிவிடலாம். க்னூவின் பேஸ்நேம் ஸ்ட்ரிங் ஹெடரில் உள்ளது. அது உரையைத் தொடாது. பாதையின் கடைசியில் சாய்கோடு இருந்தால் பொசிக்ஸ் வடிவம் அதை விட்டுவிட்டு முந்தைய பெயரைத் தரும், க்னூ வடிவம் வெற்று உரையைத் தரும். மஸல் என்ற சிறிய சி நூலகம் இரண்டுக்கும் ஒத்துப்போகும்படி, உள்ளீடுகளைக் குறிப்பிடாத ஓர் அறிவிப்பை ஸ்ட்ரிங் ஹெடரில் வைத்திருந்தது. 2024-இல் வந்த 1.2.5 வெளியீட்டில் அதை நீக்கியது. உடனே, லிப்ஜென்னைச் சேர்க்காமல் பேஸ்நேமை அழைத்த செய்நிரல்கள் அறிவிப்பில்லாத நிலைக்கு வந்தன. புதிய தொகுப்பான் இருந்தவர்களுக்கு வழு கிடைத்தது. பழைய தொகுப்பான் இருந்தவர்களுக்குப் பாதி வெட்டுப்பட்ட சுட்டி கிடைத்தது. இரண்டில் எது நல்லது என்று சொல்லத் தேவையில்லை.

வழுவாக்கியதால் வேறொரு சிக்கல் எழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. கட்டமைப்பு ஸ்கிரிப்டுகள் ஒரு சார்பு உள்ளதா என்று பார்க்க ஒரு துண்டுச் செய்நிரலைத் தொகுக்கும். அந்தத் துண்டிலேயே ஹெடர் சேர்க்கப்படாமல், அறிவிப்பில்லாமல் எக்ஸிட் அழைக்கப்பட்டிருந்தால், புதிய தொகுப்பானில் துண்டு தொகுபடாது. தொகுபடாததற்கு உண்மைக் காரணத்தை ஸ்கிரிப்ட் அறியாது. தேடிய சார்பு இல்லை என்றே எழுதிக்கொள்ளும். பிறகு செய்நிரல் தன் சொந்தப் பிரதியைச் சேர்க்கும். ஹெடரிலோ அந்தச் சார்பு உண்டு, எனவே முரண்பட்ட அறிவிப்பு என்று வழு வரும். இல்லாவிட்டால் இன்னும் மோசம்: ஒரு வசதியே சத்தமில்லாமல் அணைந்துபோய்த் தொகுப்பு வெற்றி என்று முடியும். இதை முன்கூட்டியே உணர்ந்து ரெட் ஹேட்டின் ஃப்ளோரியான் வைமரும் மற்றவர்களும் ஃபெடோரா 40 லினக்ஸ் வெளியீட்டுக்காகப் பொதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துத் திருத்தினார்கள். ஜென்டூ வெளியீட்டிலும் அதே வேலை நடந்தது. ஆகவே முரண்பாட்டுச் செய்தி வந்ததும் மூலக் கோப்பைத் திறப்பதற்கு முன், கட்டமைப்பு ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் கொன்ஃபிக் லொக் கோப்பைத் திறக்க வேண்டும். அந்தச் சார்பைப் பற்றி ‘நோ’ என்று எழுதியிருந்தால் ஏன் அப்படி எழுதியது என்று அதன் மேலே உள்ள தொகுப்புச் செய்தியைப் படிக்க வேண்டும். நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

தொகுப்பான்களின் இறுக்கம் அத்தோடு நிற்கவில்லை. 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15, சி23 தரத்தையே இயல்பாக்கிக்கொண்டது. வெற்று அடைப்புக்குறியோடு எழுதிய அறிவிப்புக்கு முன்பு உள்ளீடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். சி23-இல் உள்ளீடே இல்லை என்று பொருள். எண்பதுகளில் எழுதிய செய்நிரல்களின் தலைப்பில், கெட்என்வ், கெட்ஒப்ட் போன்றவற்றை வெற்று அடைப்புக்குறியோடு கையால் அறிவித்திருக்கும் வரிகள் நிறைய உண்டு. நாற்பது ஆண்டு பேசாமல் கிடந்த அந்த வரிகள் எல்லாம் இப்போது முறைமை ஹெடரோடு முரண்படுகின்றன. பழைய தரத்தைக் கட்டளையில் குறித்தால் அன்றைக்குத் தப்பிக்கலாம். அந்த வரியை நீக்கிவிட்டு உரிய ஹெடரைச் சேர்த்தால் பழைய தொகுப்பானிலும் புதியதிலும் ஒருசேர ஓடும். அந்த வரிகளை எழுதிய காலத்தில் சில முறைமைகளில் ஹெடர்களே முழுமையாக இருக்கவில்லை; எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்றும் அவற்றை வைத்திருப்பதற்குத்தான் காரணம் இல்லை.

முறைமையின் ஹெடர்களே தமக்குள் மோதிக்கொள்ளும் வழக்குகளும் உண்டு. 2022-இல் ஜிலிப்ஸீ 2.36 வந்தபோது, அதன் மவுன்ட் ஹெடரும் லினக்ஸ் கருவத்தின் மவுன்ட் ஹெடரும் ஒரே பெயர்களை இரண்டு முறை வரையறுத்தன. இரண்டையும் சேர்த்திருந்த செய்நிரல்கள் உடைந்தன. செய்நிரலாளர் இங்கே செய்யக் கூடியது, கருவ ஹெடரைச் சேர்க்கும் வேலையை ஒரு தனிக் கோப்புக்குள் ஒதுக்கிவிடுவது. உண்மையான தீர்வு நூலகத்தின் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், வந்தது. தரமும் முறைமைகளும் மோதிய வழக்கும் உண்டு. பிணையத்தில் இணைப்பை ஏற்கும் அக்செப்ட் சார்பின் மூன்றாவது உள்ளீட்டைத் தர வரைவு ஒன்று, 64 பிட் கணினியில் எட்டு பைட்டாகும் வகையாக மாற்றியபோது, நான்கு பைட்டையே எழுதும் முறைமைகள் அனைத்தும் பிழையாகிவிடும் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாக எதிர்த்தார். அதன் பிறகே சொக்லென்_டி என்ற தனி வகை வந்தது. தரவை வரிசைப்படுத்தும் கியூசார்ட்_ஆர் இன்னும் நயமான வழக்கு. ஃப்ரீபிஎஸ்டி ஓர் உள்ளீட்டு வரிசையிலும் ஜிலிப்ஸீ வேறொரு வரிசையிலும் அதை வைத்திருந்தன. கடைசி இரண்டு உள்ளீடுகளில் ஒன்று சார்புச் சுட்டி, மற்றது வகையற்ற சுட்டி. இவற்றை இடம் மாற்றிக் கொடுத்தாலும் கடுமையான சோதனையைக் கேட்காதவரை ஜிசிசி பேசாது, ஓடும்போது விழும். 2024-இன் பொசிக்ஸ் ஜிலிப்ஸீயின் வரிசையையே தரமாக்கியது. ஃப்ரீபிஎஸ்டி தன் 14-ஆம் வெளியீட்டில் அந்த வரிசைக்கு வந்துவிட்டது. சொந்தக்காரரைத் தேடினால் வழக்குகள் தீரும் என்பதற்கு இது போதிய சாட்சி. யாரும் கேட்காமல் ஆளுக்கொரு மாக்ரோவால் மறைத்துக்கொண்டிருந்தால் இரண்டு வரிசைகளும் இன்னும் ஐம்பது ஆண்டு இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு மறுப்பு, நம் ஊரில் அடிக்கடி காதில் விழுவது. நாம் சிறியவர்கள், கண்டிப் பக்கம் ஒரு மூலையில் இருந்து வேலை செய்கிறோம், நம் கணினியில் ஓடினால் போதாதா, மூலத் திட்டத்துக்குத் திருத்தம் அனுப்பிக் காத்திருக்க நேரம் ஏது என்பார்கள். கண்டியை ஒட்டிய ஹந்தான மலைத்தொடரின் பெயரில், ஃபெடோராவை அடியாகக் கொண்டு இலங்கையிலேயே லினக்ஸ் வெளியீடு ஒன்று உருவானது. அப்படிப்பட்ட வெளியீடு ஆயிரக்கணக்கான பொதிகளைத் தானே திருத்துவதில்லை. ஃபெடோராவில் சேர்ந்த திருத்தம் அதற்கும் வந்துசேர்கிறது. ஒருவர் மூலத் திட்டத்துக்கு அனுப்பிய மூன்று வரித் திருத்தம் ஃபெடோராவுக்கும் டெபியனுக்கும் போய், அங்கிருந்து பேராதனையில் படிக்கும் மாணவரின் மடிக்கணினிக்கும் வருகிறது. தன் கணினியிலேயே வைத்துக்கொண்ட திருத்தமோ அடுத்த வெளியீட்டு நாளில் மறுபடி செய்ய வேண்டிய வேலையாகிறது. சிறிய குழுவுக்குத்தான் அந்த மறுவேலையைத் தாங்கும் சக்தி குறைவு. ஆகவே சிறியவர்கள் என்பது அனுப்பாமல் இருப்பதற்கான காரணம் ஆகாது.

சி செய்நிரல் ஒன்றைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தொகுக்கும்போது, வெற்று அடைப்புக்குறி அறிவிப்புகளைக் காட்டும் எச்சரிக்கையை இயக்குங்கள். மூலக் கோப்புகளில் முறைமைச் சார்புகளின் அறிவிப்பு கையால் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். கண்டதை நீக்கி, கையேட்டில் உள்ள ஹெடரைச் சேர்த்து, ஜிசிசியிலும் கிளாங்கிலும் தொகுத்துப் பார்த்துவிட்டுத் திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள்.